உம் கொட்டுகிறவர்களின் கதை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜனவரி மாதம் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தம்பி வீட்டில் நான் தங்கியிருந்த ஐந்து வாரமும், சனிக்கிழமை இருட்டியதும் அவன் மகள் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பைக்குள் ஒரு நோட்டு, பென்சில், அழிரப்பர், ஒரு சுருக்குப்பை. எங்கள் அம்மா வெற்றிலை பாக்குக்கு இடுப்பில் செருகியிருப்பாளே, அதே மாதிரி. அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். ஏழு பகடைகள் உருண்டு விழுந்தன. நமக்குப் பழகிய ஆறுமுகம் ஒன்றுதான். மற்றவற்றில் நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது என்று முகங்கள். பத்து முகத்தில் மட்டும் இரண்டு.

"இதை வச்சு என்னடி ஆடுவீங்க?"

"கதை ஆடுவோம் அத்தை. வந்து பாருங்களேன்."

பாய் முடைகிறவர்கள், மரப்பாச்சி கடைகிறவர்கள், தறிக்காரர்கள் என்று கைவேலைக்காரர்களின் பட்டறையில் போய் உட்கார்ந்து எழுதுவது என் பல வருட வழக்கம். இங்கே பட்டறை ஏது என்று நினைத்தபடிதான் அவளோடு போனேன். நான்கு சனிக்கிழமைகளுக்குப் பிறகு, நான் பார்த்த கைவேலைகளிலேயே கடினமானவற்றுள் இதுவும் ஒன்று என்று சொல்வேன். நூலோ மரமோ இல்லாமல், எதிரே இருப்பவர்களின் வாய்வார்த்தையை வைத்து நெய்கிற வேலை இது.

விளையாட்டுப் பொருள் விற்கும் கடையின் நிலவறை. நான்கு நீள மேசைகள், மடக்கு நாற்காலிகள், சுவரோரம் ஈரக் காலணிகளின் வரிசை. எங்கள் மேசையின் தலைமாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் முப்பது வருடமாக இந்த வேலை. டன்ஜன் மாஸ்டர் என்பது இதற்குப் பெயர், மேசையில் எல்லோருக்கும் அவர் டி.எம். அவர் முன்னால் நான்காக மடித்து நிறுத்திய அட்டைத் தடுப்பு. அதன் பின்னால் கட்டம்போட்ட தாளில் வரைந்த வரைபடம், நூல் கட்டிய குறிப்பட்டைகள். எதிரே ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அந்தத் தாளில் ஒரு ஆள். என் தம்பி மகள், டுவார்ஃப் என்னும் குள்ளர் இனத்துப் பூசாரி. மருத்துவமனை செவிலியர் ஒருவர், மந்திரக்காரி. ஓய்வுபெற்ற மெக்கானிக், வாள்வீரர். கல்லூரி மாணவர் இருவரில் ஒருவன் திருடன், இன்னொருத்தி வில்லாளி.

ஆட்டம் தொடங்கியதும் நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. காய் நகர்த்தவில்லை, சீட்டு போடவில்லை. அவர் பேசினார். உப்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு மலையூர். ஏழு நாளாக நடுச்சாமத்தில் கோயில் மணி தானாக அடிக்கிறது. மணிக்கூண்டின் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே யாரோ மூச்சு வாங்கும் சத்தம். இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டார்: "என்ன செய்கிறீர்கள்?"

புதிதாக வருகிறவர்கள் இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உங்கள் ஆள் என்ன செய்வாரோ அதைச் சொன்னால் போதும். அதனால் அந்த உலகத்தில் என்ன நடந்தது என்று டி.எம். சொல்வார். திரும்பவும் அதே கேள்வி.

மெக்கானிக் வாளை உருவுவதாகச் சொன்னார். செவிலியர் அவரைக் கையமர்த்திவிட்டு, "என் மூட்டையில் ரொட்டி இருக்கிறது. அதை வாசலில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்த் தரையில் உட்காருகிறேன்" என்றார். டி.எம். இரண்டு விநாடி பேசவில்லை. கையில் எடுத்திருந்த குறிப்பட்டையைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஒரு சின்னக் கை வெளியே வந்து ரொட்டியைத் தொடுகிறது" என்றார். மேசையில் யாரும் அசையவில்லை.

"அந்தக் குழந்தையைப் பேச வைக்க முடியுமா?" என்று செவிலியர் கேட்டார். பகடைக்கு வேலை வந்தது அப்போதுதான். தாளில் ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு குணங்களுக்கு எண் உண்டு: வலிமை, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் தன்மை. மனிதருக்குச் சராசரி 10. கூடினால் பகடைக்குக் கூட்டல், குறைந்தால் கழித்தல். செய்யப்போகும் காரியம் சுலபம் என்றால் இலக்கு 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்று டி.எம். வைப்பார். இங்கே 15. செவிலியரின் மந்திரக்காரிக்குக் கூட்டல் 3. இருபது முகப் பகடையில் 12 அல்லது மேலே விழ வேண்டும்; அதாவது 20 முகங்களில் 9 அவர் பக்கம். உருட்டினார். 11. மூன்றைக் கூட்டினால் 14. ஒன்று குறைந்தது.

"ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு குழந்தை உள்ளே ஓடிவிட்டது. படிக்கட்டில் கீழ்நோக்கி ஓடும் காலடிச் சத்தம். மணிக்கூண்டுக்குக் கீழே படிக்கட்டு இருக்கிறது என்று ஊரில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை."

தோற்றும் கதவு திறந்தது. தோல்வியைச் சுவராக்காமல் வேறொரு வழியாக்குவது நல்ல டி.எம்.மின் கைப்பக்குவம்.

இடைவேளையில் ஓரமாக வைத்த குறிப்பட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மணிக்கூண்டுக்குள் பாய்ந்து தாக்கக் காத்திருந்த ஒரு பிணந்தின்னியின் எண்கள், பொடி எழுத்தில். இரண்டு மணி நேர வேலை என்றார். வீணாகிவிட்டதே என்றேன். "நான் கதை எழுதுவதில்லை. ஊரை எழுதுகிறேன். அந்த ஊரில் யாருக்கு என்ன வேண்டும், யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எழுதுகிறேன். கதை இவர்கள் வந்த பிறகு வருகிறது. அந்த அம்மாள் ரொட்டி வைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். மூன்று பக்கம் எழுதினால் இரண்டு பக்கம் மேசைக்கே வராது என்றும் சொன்னார். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். கேட்கிறவர் விழித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. அந்த உம்மிலிருந்து ஒரு படி மேலே போனால் இந்த ஆட்டம். உம் கொட்டுகிறவர் கதைக்குள் இறங்கி, வாசலில் ரொட்டி வைக்கிறார். சொல்கிறவர் தன் கதையை அதற்கேற்ப வளைத்தாக வேண்டும். ஐந்து பேர் ஐந்து பக்கம் இழுக்க, ஒருவரையும் விட்டுவிடாமல், கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கிறவரிடம் பெயர் சொல்லிக் கேட்டு, அதிகம் பேசுகிறவரைப் புண்படுத்தாமல் அடக்கி, நான்கு மணி நேரம் இதைச் செய்கிறார். எழுந்து போகும்போது கையில் பொருள் என்று ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இதை யாரும் தொழிலறிவு என்று எண்ணுவதில்லை என நினைக்கிறேன்.

இந்த ஆட்டம் பிறந்ததில் இந்த வட்டாரத்துக்கே பங்கு உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரட்டை நகரம் செயின்ட் பால். வரைபடத்தில் சிப்பாய்ப் பொம்மைகளை நகர்த்தும் போர் ஆட்டக்காரர்கள் 1960களில் இங்கே கூடுவார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் வெஸ்லி. 1969இல் நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றைக் கற்பனையாக அமைத்து, படைத்தளபதிகளோடு நிற்காமல் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் போரை மறந்துவிட்டு மூலைக்கு மூலை நின்று ரகசியம் பேசத் தொடங்கினார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் அதை எடுத்து, பிளாக்மூர் என்று ஒரு மந்திர நாட்டை உண்டாக்கி, அதன் கோட்டைக்கு அடியில் சுரங்கங்களைத் தோண்டினார். 1972இன் கடைசியில் நண்பர் ஒருவரோடு விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனீவாவுக்குக் காரில் போய், கேரி கைகாக்ஸ் என்பவருக்கு ஆடிக் காட்டினார். காப்பீட்டு நிறுவன வேலை போய், வீட்டிலேயே செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர் கைகாக்ஸ். விதிகளை எழுத்தில் கொண்டுவந்தது பெரும்பாலும் அவர்தான். 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், 1,000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். இன்று அது ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னெசன் 2009இலும் காலமானார்கள்.

கடையின் கண்ணாடிப் பெட்டியில் தேன் நிறத்தில் ஒரு பகடைத் தொகுதி இருந்தது. உள்ளே காய்ந்த பூவிதழ்கள். செய்தவர் இந்த ஊர்க்காரர் என்று தெரிந்ததும், பார்க்க வேண்டும் என்று தம்பி மகளை நச்சரித்தேன். புதன்கிழமை அவருடைய கார்க்கொட்டகைக்குப் போனோம். நாற்பது வயதுப் பெண். எங்களுக்கும் முகமூடியும் கையுறையும் கொடுத்த பிறகே உள்ளே விட்டார். இறுகாத எபாக்சி பிசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிடும். பிறகு இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான் என்றார்.

முதலில் குறையில்லாத ஒரு தொகுதி. அதைச் சுற்றி சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுக்கிறார். பிசினின் இரண்டு பாகங்களையும் தராசில் நிறுத்து, குமிழி சேராதபடி மெதுவாகக் கலக்குகிறார். பாகு பதம் பார்ப்பவர்களின் பொறுமை. நிறப்பொடி, பூவிதழ் சேர்த்து அச்சில் ஊற்றி, மூடியை வைத்து, அழுத்தக் கலத்துக்குள் இறக்குகிறார். உள்ளே சிக்கிய குமிழிகள் அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒரு நாள் கழித்து எடுத்தால் பகடை மங்கலாக, ஒரு முகத்தில் பிசிறோடு வரும். அதன்பிறகு ஆரம்பிப்பது தேய்ப்பு. சொரசொரப்பான தாளிலிருந்து மேலும் மேலும் மென்மையான தாளுக்கு மாறி, ஈரத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு முகமாக. ஒரு முகத்தில் நாலு இழுப்பு அதிகமாகிவிட்டால் பகடை சாய்ந்துவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். தூக்கிப்போட்டவை ஒரு வாளி நிறைய இருந்தன. கடைசியில் எண்களின் பள்ளத்தில் சாயம் பூசித் துடைக்கிறார். இருபது முகப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 21 வரும் என்று எனக்குக் காட்டித்தந்தவர் அவர்தான். உப்பைக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டினார். ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வந்தால் உள்ளே எங்கோ கனம் கூடிவிட்டது என்று அர்த்தம். எங்கள் கண்முன்னே அப்படி ஒன்று வந்தது. அதுவும் வாளிக்குப் போனது.

1970களில் வந்த பகடைகள் மட்டமான பிளாஸ்டிக். மூலைகள் ஆடி ஆடியே மழுங்கிவிடும். எண்ணுக்குச் சாயமே இருக்காது, வாங்கியவர் மெழுகு வண்ணத்தைத் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். பகடைக்குத் தட்டுப்பாடு வந்த 1979இல், பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்களாம். கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பகடை இல்லையென்றாலும் ஆட்டம் நடந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அழகான பகடை இருந்தால் சந்தோஷம், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

1980களில் இந்த ஆட்டத்தைப் பேய் வழிபாடு என்று சொல்லிப் பெற்றோர்களும் சில தேவாலயத்தாரும் எதிர்த்தார்கள். எங்கள் டி.எம்.மின் புத்தகங்களை அவருடைய அம்மா குப்பையில் போட்டிருக்கிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கற்பனைக்கும் உண்மையாகவே காயப்படுத்தும் வலு உண்டு என்பது மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று கிடக்கும். கதை ஒருவர் மனதைப் புண்படுத்தும் இடத்துக்குப் போனால், அவர் அதைத் தொட்டால் போதும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதை வேறு பக்கம் திரும்பும். இரண்டாவது சனிக்கிழமை ஒரு முறை அது தொடப்பட்டது. டி.எம். அரை வாக்கியத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, வேறொரு வாசலிலிருந்து தொடங்கினார்.

நான்காவது சனிக்கிழமை சுரங்கம் இடிந்தது. ஊரார் ஒளித்து வைத்து வேலை வாங்கிய பிள்ளைகள் உள்ளே. மணியை அடித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களே. மணிக்கயிற்றை யாராவது இழுத்துப் பிடித்திருந்தால்தான் கதவு மூடாது. "நான் பிடிக்கிறேன்" என்றாள் என் தம்பி மகள். பிள்ளைகள் வெளியேறினார்கள், நண்பர்கள் வெளியேறினார்கள், கூரை அவள் மேல் விழுந்தது. வைத்தியம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

விழுந்த ஆளுக்கு விதி இது: பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது மேலே வந்தால் ஒரு வெற்றி, கீழே வந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் சேர்ந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போகும். 12 விழுந்தது. 7. 14. பிறகு 4. இரண்டும் இரண்டும். டி.எம். தன் அட்டைத் தடுப்பை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவள் உருட்டினாள். 9.

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் டி.எம். மற்ற நால்வரிடமும் கேட்டார்: "என்ன செய்கிறீர்கள்?" செவிலியர், "சுரங்க வாசலில் ரொட்டி வைக்கிறேன்" என்றார். என் தம்பி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கினாள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: அடிப்படை விதிகளைப் பதிப்பகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நான்கைந்து பேர், ஒரு மேசை, பகடை ஒரு தொகுதி போதும். விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மேசையில் பேசும் மொழி உங்களுடையது. கோடை விடுமுறையில் வீட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஊரைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, தமிழிலேயே அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: என்ன செய்கிறீர்கள்?