வேண்டாச் சொற்கள்

வேண்டுவது இன்னதென்று சொல்லுதல் யாவர்க்கும் எளிது. வேண்டாதது இன்னதென்று முன்னரே ஆராய்ந்து விலக்குதலோ அரிது. உழவன் களை பறிப்பதும், இல்லாள் அரிசியிற் கல் பொறுக்குவதும் இவ்வரிய தொழிலின் பாற்பட்டனவே. இணையத் தேடலில் வெளிவரும் விளம்பரங்களுக்கும் இத்தொழில் இன்றியமையாதது. அதுபற்றி நாம் அநுபவத்திற் கண்ட சிலவற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

கூகிள் நிறுவனத்தார் 2000-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆட்வேர்ட்ஸ் என்னும் பெயரால் விளம்பரப் பணியைத் தொடங்கினர். ஒவ்வொரு தட்டுக்கும் இத்துணைக் காசு என்னும் ஏல முறையை 2002-ல் மேற்கொண்டனர். 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ் விளம்பரங்களுக்கும் இடந்தந்தனர். அவ்வாண்டு ஜூலையில் அதன் பெயரைக் கூகிள் ஆட்ஸ் என மாற்றினர். வணிகன் சில சொற்களைக் குறித்து வைப்பான். அச்சொற்களை ஒருவர் தேடுங்கால் விளம்பரம் தோன்றும். கண்டார்க்குக் காசில்லை; தட்டினார்க்கே காசு. ஆதலின் பொருளை வேண்டாதார் தட்டுந்தோறும் வணிகன் பணம் வீணாகின்றது. ஒரு தட்டுக்கு 5 ரூபாயும், நாளொன்றுக்கு 300 ரூபாயும் என வைத்துக்கொள்வோம். அறுபது தட்டுகளில் இருபது பொருந்தாதனவாயின், நாடோறும் 100 ரூபாய் நீரிற் கரைந்ததாம்.

நிற்க. நம் நண்பர் ஒருவர் மணமாலை கட்டி விற்பவர். அவர் "மலர் மாலை" என்னும் சொற்களைக் குறித்து விளம்பரம் செய்தார். தட்டுகள் பெருகின, மாலை கேட்டு வந்தோர் மிகச் சிலரே. மக்கள் தேடிய சொற்களின் அறிக்கையை நாம் அவருடன் அமர்ந்து படித்தோம். "மாலை மலர்" என்று நாளிதழைத் தேடினோர் பலர். "மாலை நேர வகுப்பு" தேடினோர் சிலர். "காசு மாலை" தேடினோரும் உளர். பொழுதுக்கும் தொடைக்கும் அணிக்கும் ஒரே சொல்லை வழங்கும் நம் மொழியின் வளம், நண்பருக்குச் செலவாய் முடிந்தது!

இத்தகைய தேடலுக்கு விளம்பரம் தோன்றாதவாறு தடுப்பனவே விலக்குச் சொற்கள். நண்பர் அன்றிரவே "மாலை மலர்" என்பதை விலக்குப் பட்டியலிற் சேர்த்தார். மறுநாள் முதல் விளம்பரம் அடியோடு ஓய்ந்தது. வைகாசி முகூர்த்தக் காலம். பூவுக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் பெரிதும் கலங்கினார். காரணம் யாதெனின், விலக்குச் சொல்லில் மூவகை உண்டு. குறியொன்றுமின்றி எழுதினால் அது பரந்த விலக்கு. அச்சொற்களெல்லாம் எவ்வரிசையில் வரினும் தடுக்கும். ஆகவே "மலர் மாலை" தேடினோரையும் அது வாயிலில் நிறுத்திவிட்டது. மேற்கோட் குறிக்குள் எழுதினால் தொடர் விலக்கு. அவ்வரிசையில் வந்தால் மட்டுமே தடுக்கும். சதுர அடைப்புக்குள் எழுதினால் நேர் விலக்கு; தேடல் முழுதும் அச்சொல்லேயாயின் மட்டும் தடுக்கும். இரண்டு மேற்கோட் குறிகளை இட்ட அளவிலே நண்பரது கடைக்கு மீண்டும் வழி திறந்தது.

மற்றொன்றும் அறியத்தக்கது. விலக்குச் சொல் ஒருமையைக் கண்டு பன்மையை உணராது. ஒருபொருட் சொற்களையும் தானே அறியாது. "வகுப்பு" என விலக்கினால் "வகுப்புகள்" நுழைந்துவிடும். வேற்றுமையுருபு ஏற்றுத் திரியும் தமிழ்ச் சொற்களுக்கு இவ்வுழைப்பு அதிகம். அன்றியும், பலர் தேடிய சொற்களே அறிக்கையில் வருதல் 2020 முதல் வழக்கமாதலின், காணாதவற்றையும் கருதிப் பார்த்தல் வேண்டும்.

விலக்குதலில் அளவும் வேண்டும். "விலை" என்னும் சொல்லையும் விலக்கிவிடலாமா என நண்பர் வினவினார். விலை கேட்பவனன்றோ வாங்குபவன் என்று தடுத்தோம். ஆயின் "இறுதி ஊர்வல மாலை" என்பதை விலக்க அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. அவரது விளம்பரம் மணமக்களை வாழ்த்தித் தொடங்குவது. துயருற்றோர் தட்டாது போயின் காசு போகாது என்றோம். "காசு போகாது, ஆனால் அவர்கள் மனம் நோகுமே" என்றார் அவர். வணிக நூலில் யாம் படியாத பாடம் அது.

மாணவ நண்பர்காள்! நாளை உங்களிற் பலர் கடையோ தொழிலோ நடத்துவீர். விளம்பரம் தொடங்கிய முதல் வாரத்தில் நாடோறும் அவ்வறிக்கையைப் படியுங்கள். எவரை அழைத்தோம் என்பதுடன் எவரை அழையாதிருத்தல் தகும் என்பதையும் எண்ணுங்கள். பொருளும் மிஞ்சும், பிறர் பொழுதும் வீணாகாது.