முகவரிக்கும் கெடு உண்டு

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. இன்று அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. "என்ன சார், நம்ம சங்கம் ரம்மி ஆட ஆரம்பிச்சிடுச்சா?" என்று ஒருவர் போனில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தளத்தை உருவாக்கியவர் கணக்குப் பிரிவில் இருந்த நண்பர். டொமைன் எனப்படும் அந்தப் பெயரைத் தன் இமெயிலில், தன் கார்டில் பதிவு செய்திருந்தார். வருடாவருடம் அவரே பணம் கட்டிவிடுவார். சங்கத்திடம் கேட்டதே இல்லை. எங்களில் யார் காலமானாலும் மறுநாளே அதில் இரங்கல் குறிப்பு எழுதிவிடுவார். அவரே காலமானபோது எழுத ஆளில்லை. பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. அதன்பின் வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத அவருடைய மெயில் பெட்டிக்குப் போயின. ஓடிபி வரும் செல்போன் எண்ணும் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

பலரும் டொமைனை விலைக்கு வாங்கிய மனை மாதிரி நினைக்கிறார்கள். அது குத்தகைதான். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடங்களுக்குத்தான் எடுக்க முடியும். கெடு முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதும், ஒரு வாரம் இருக்கும்போதும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. கெடு தாண்டினால் தளம் நின்றுபோகும். அந்தப் பெயரில் இயங்கும் இமெயிலும் நின்றுபோகும். ஆனால் பெயர் அன்றே கைநழுவிவிடாது. பெரும்பாலான நிறுவனங்கள் சில வாரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு 30 நாள் மீட்புக்காலம். அப்போது வழக்கமான கட்டணத்தோடு கணிசமான தண்டமும் கட்ட வேண்டும். அதன்பின் 5 நாள், யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது கழிந்ததும் முந்துகிறவருக்குச் சொந்தம். இதற்கென்றே கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். பழைய பெயரைத் தேடி வருகிற கூட்டம் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அடகுக் கடையில் நகை மூழ்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் பலரால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியவில்லை. அதற்கு வாசலாக இருந்த பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரை மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்கத் தவறியிருந்தது! மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் சொந்தக் கார்டிலிருந்து 35 டாலர் கட்ட, கதவு திறந்தது.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நண்பரின் மகன் பழைய காகிதங்களில் பதிவு ரசீதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தபோது மீட்புக்காலமும் போயிருந்தது. அவன்தான் வேபேக் மெஷின் என்று ஒன்றைக் காட்டினான். இணையப் பக்கங்களை 1996 முதல் நகலெடுத்து வைக்கும் அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் சேவை அது. பழைய முகவரியைக் கொடுத்துத் தேதி வாரியாகத் துழாவினோம். போட்டோக்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. எழுத்து பெரும்பாலும் இருந்தது. அவர் எழுதிய இரங்கல் குறிப்புகள் எல்லாமே கிடைத்தன.

புதுப் பெயர் எடுத்தாயிற்று. சங்கத்தின் இமெயிலில், செயலாளர், பொருளாளர் இருவர் எண்ணும் கொடுத்து, 5 வருடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அதில் முதல் பக்கத்தை ஏற்றினோம். அவருக்கான இரங்கல் குறிப்பு அது.