ஒன்று கூடிப்போன கணக்கு

என் இளையவள் பிறந்தது 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில். உத்தமபாளையத்தில் முல்லையாற்றுத் தண்ணீரை நம்பி வாழை போடும் குடும்பம் எங்களுடையது. நான் கட்டிக்கொண்டது தாய்மாமனை. ஆகவே எனக்கு மாமியார் வேறு யாருமில்லை, என் சொந்த அம்மாச்சிதான்!

குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே களைத்துவிடும். கையில் எடுத்தால் துவளும். கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. மூன்றாம் மாதம் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம்.

"டவுன் சிண்ட்ரோம் மாதிரி தெரியுதும்மா. ரத்தம் எடுத்து குரோமோசோம் பார்த்திடுவோம். இதயத்துக்கும் எக்கோ எடுத்திடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று. "கிரகணத்தன்னிக்கு அரிவாமணையைத் தொடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியாடி?" என்றாள் அம்மாச்சி. 2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம். எனக்கு ஐந்தாம் மாதம். மூத்தவளுக்குப் பசிக்கிறதே என்று காய் நறுக்கியது உண்மைதான். பக்கத்து வீட்டு மதினி வேறு காரணம் கண்டுபிடித்தாள்: "சொந்தத்துக்குள்ள கட்டினா இப்படித்தான்!" அதைக் கேட்டு அம்மாச்சியே வாயடைத்துப் போனாள். பேத்தியை மகனுக்குக் கட்டி வைத்தது அவள்தானே! நான் இரண்டையுமே நம்பினேன். இரவெல்லாம் அழுதேன்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு படம். சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஜோடி ஜோடியாக அடுக்கி நம்பர் போட்டிருந்தார்கள். அவைதான் குரோமோசோம்கள். நம் உடம்பின் செல்களில் 23 ஜோடி, ஆக 46 இருக்க வேண்டும். என் மகளுக்கு 21-ம் நம்பரில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. மொத்தம் 47.

"உங்க தோட்டத்து வாழைப்பழத்துல விதை இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றேன். "காட்டு வாழையில கல்லு மாதிரி விதை இருக்கும். அதுக்கு 11 குரோமோசோம் ரெண்டு கட்டு, 22. நாம சாப்பிடுற வாழை பெரும்பாலும் மூணு கட்டு, 33. மூணைச் சமமாப் பங்கு போட முடியாதில்லையா? அதான் விதை பிடிக்கிறதில்ல. அங்கே ஒரு கட்டே கூடுதல். உங்க குழந்தைக்கு ஒரே ஒரு நூல் கூடுதல். இது இயற்கையில நடக்கிற கணக்குப் பிசகு."

"கிரகணத்தாலயா டாக்டர்?" என்றேன் தயங்கித் தயங்கி.

"கரு உண்டாகும்போதே 47 ஆயிடுச்சும்மா. அஞ்சாம் மாசம் வந்த கிரகணம் அதை எப்படி மாத்தும்? கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடி பிரியாம ரெண்டும் ஒரே பக்கம் போயிடுது. பெரும்பாலும் முட்டையிலதான். ஆனா அது யார் செய்த தப்பும் இல்ல."

சொந்தத்தில் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதானாம். ஆனால் இது அந்த வகை அல்ல. தாயின் வயதுதான் முக்கியம். 25 வயதில் சுமார் 1,200 பிரசவத்துக்கு ஒன்று. 35-ல் சுமார் 350-க்கு ஒன்று. 40-ல் சுமார் 100-க்கு ஒன்று. எனக்கு அப்போது 26. சின்ன வயதுக்காரிக்கும் வரலாம் என்பதற்கு நானே சாட்சி.

லாங்டன் டவுன் என்ற ஆங்கில டாக்டர் 1866-லேயே இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் காரணம் தெரிந்தது 1959-ல், பிரான்சில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பின் ஆகியோர் 47 என்று கண்ட பிறகுதான். இடையில் 93 வருஷம்! எத்தனை தாய்மார்கள் வீண்பழி சுமந்தார்களோ!

சகோதரிகளே, முகத்தைப் பார்த்தே தெரிகிறதே, டெஸ்ட் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். 100-ல் 95 குழந்தைகளுக்கு என் மகளைப் போல் 21-வது குரோமோசோம் தனியாகக் கூடியிருக்கும். மூன்று நான்கு பேருக்கு மட்டும் அது 14 போன்ற வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு அந்த ஒட்டு இருந்து, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். என்னைப் போன்ற இளம் தாய்க்கு மறுபடி வர சுமார் 100-ல் ஒரு பங்குதான் என்றார் டாக்டர்.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். எக்கோ அவசியம். தைராய்டு, காது, கண் மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். உட்கார, நடக்க, பேசப் பயிற்சியைச் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட மையத்துக்கு வழி காட்டுவார்கள்.

என் மகள் இரண்டரை வயதில் நடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தார் வெட்டும் நாளில் சீப்பு சீப்பாக எண்ணுவாள். நாலுக்குப் பிறகு ஏழுதான் வரும்!

போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் யாரோ கிரகணப் பேச்சை எடுத்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அம்மாச்சி முந்திக்கொண்டாள்: "அட போங்கடி! அது கரு உண்டானன்னிக்கே விழுந்த கணக்கு. எம் பேத்தி மேல பழி போடாதீக!"