திரும்பிச் செல்லும் உரிமை

கனடா நாட்டு எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979ஆம் ஆண்டில் எழுதி வெளியான 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்னும் கிறித்தவக் காதல் புதினத்தை அண்மையில் படித்தேன். மேற்கு நோக்கிய பயணத்தில் கணவனை இழந்தவள் மார்ட்டி, கருவுற்றிருப்பவள். மனைவியை இழந்து, சிறு மகள் மிசியுடன் பண்ணையில் வாழ்பவன் கிளார்க். கணவனைப் புதைத்த அன்றே, முன்பின் அறியாத அவளிடம் அவன் மணம் பேசுகிறான். காதலால் அன்று, குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பதால். வசந்தத்தில் ஊர் திரும்ப விரும்பினால் மிசியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வழிச்செலவு தானே தருவதாக வாக்களிக்கிறான்.

சமையல் அறியாத அவள் வேளைதோறும் பேன்கேக்கே சுடுகிறாள். அவன் பொறுமையுடன் உண்டுவிட்டு வயலுக்குச் செல்கிறான். விதைத்த நிலத்தை அதட்டி முளைக்கச் செய்ய இயலாது என்பதை உழவன் அறிவானன்றோ? வசந்தம் வருகிறது, அவள் போகவில்லை. போகலாம் என்ற உரிமை இருந்தமையால்தான் அவள் தங்கியது அன்பாயிற்று.

மணத்திற்குப் பின் மலரும் அன்பு, பெற்றோர் காட்டிய பெண்ணை மணந்த என் தலைமுறைக்குப் புதிதன்று. ஆயினும், அவ்வுரிமை நம் பெண்களுக்குப் பெரும்பாலும் கிட்டியதில்லை. அவர்கள் தங்கியது அன்பினாலா, வேறு வழியின்மையாலா? இனியேனும் மகளை மணம் முடித்து அனுப்பும்போது, இவ்வீட்டுக் கதவு உனக்கு என்றும் திறந்திருக்கும் என்று சொல்லி அனுப்புவோமாக.