ஓலை எங்கே?

திருவெண்ணெய்நல்லூர் அவையிலே நடந்த வழக்கை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கூறுவதுண்டு. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதிய வேதியர் ஒருவர் தமக்கு அடிமையென்று வழக்கிட்டார். அவர் காட்டிய ஓலையை ஆரூரர் கிழித்தெறிந்தார். வேதியர் மூல ஓலையை அவைமுன் வைத்தார். அவையத்தார் அத்துடன் அமைந்தாரில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். இவ்வரலாற்றில் பத்திச் சுவையையே நாம் இதுகாறும் கண்டோம். அதிலுள்ள வழக்கறிவை நமக்கு உணர்த்தியவர் எம் அயலில் வாழும் ஒரு கைம்பெண்.

அவருடைய கணவருக்கு அரசு அனுமதிப்பத்திரத்தின் மூலம் அரை ஏக்கர் காணி வழங்கியிருந்தது. இடப்பெயர்வில் அப்பத்திரம் தொலைந்தது; பின்னர் கணவரும் மறைந்தார். அலுவலகத்துக்குப் போனபோதெல்லாம், "பத்திரத்தைக் கொண்டு வாருங்கோ அம்மா" என்பதே விடை. பத்திரம் கையில் இருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்?

அவருக்காக விண்ணப்பம் எழுதியவர்கள் நாமே. கற்ற தமிழ் முழுவதையும் கொட்டி, அவரது வறுமையையும் பிள்ளைகளின் நிலையையும் நான்கு பக்கங்களில் உருக்கமாக வரைந்தோம். ஓராண்டு கழிந்தும் மறுமொழி வரவில்லை.

ஈற்றில், வறியோருக்குக் கட்டணமின்றி வழக்குதவி புரியும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது அவ்வாணைக்குழு. அங்கிருந்த இளம் பெண் சட்டத்தரணி எம் விண்ணப்பத்தைப் படித்து, "நல்ல தமிழ், சேர்" என்று மடித்து வைத்தார். பின்னர் ஐந்தே வரிகள் எழுதினார். அக்காணிக்குரிய பேரேட்டுப் பக்கத்தின் பிரதியும், பின்னுரித்தாளர் நியமனப் பத்திரத்தின் பிரதியும் வேண்டும் என்பதே அதன் பொருள். இரக்கம் என்ற சொல்லே அதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. கேட்பவர் காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்பின், தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ளல் வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவித்தல் வேண்டும். மறுப்பின் காரணம் கூறல் வேண்டும். அதன்மேல் முறையீட்டுக்கும் வழியுண்டு. பிறருடைய அந்தரங்கம் போன்றவற்றுக்கு விலக்குகளும் உள.

"இன்னும் வழக்குப் போடவில்லையே?" என்று வினவினோம். "ஏட்டிலே வேறொருவர் பெயர் இருந்தால், அதையும் இப்போதே அறிவது நல்லதல்லவா? ஏடு பாராமல் வழக்காடி ஏழையின் ஆண்டுகளை வீணாக்கலாமா?" என்றார் அவர்.

ஒரு மாதத்துக்குள் பிரதிகள் வந்தன. பின்னுரித்தாளராக மனைவியின் பெயரே குறிக்கப்பட்டிருந்தது. அவ்வம்மையாரோ தம் பெயரைப் பார்க்கவில்லை. கீழே இருந்த கணவரின் கையொப்பத்தையே நெடுநேரம் பார்த்திருந்தார். வழக்கு வேண்டியிருக்கவில்லை. அதே அலுவலகம் உரிமையை ஏற்றுப் புதிய பத்திரம் வழங்கியது.

எமக்கு மகிழ்ச்சியோடு நாணமும் உண்டாயிற்று. உரிமையுள்ள ஒருவரை இரப்பவராக்கி நாம் எழுதிய நான்கு பக்கங்கள் நினைவில் உறுத்தின. இவ்வாண்டு முதல் திருவெண்ணெய்நல்லூர் வழக்கைச் சொல்லி முடித்ததும், மாணவரை ஐந்து வரியில் ஒரு தகவல் விண்ணப்பம் எழுதச் சொல்கிறோம். "தாழ்மையுடன்" என்று தொடங்குபவரை மீண்டும் எழுதச் செய்கிறோம்.