பாரமின்றிச் சுழன்ற காற்றாலை



கடந்த ஆனி மாதத்தில் நம் ஆலயத்தின் மொட்டைமாடியில் ஒரு சிறிய காற்றாலை எழுந்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த சிறுபிள்ளைகள் அது சுழல்வதைக் கண்டு கைதட்டினார்கள். பெரியவர்கள் என் கையைப் பற்றி வாழ்த்தினார்கள். அந்த நாளில் நான் மிகுந்த பெருமையோடு வீடு திரும்பினேன். ஆனால் அந்தக் காற்றாலையைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. அதில் தொடர்புடைய தம்பியிடமும் அவருடைய தாயாரிடமும் அனுமதி பெற்று, பெயர் குறிப்பிடாமல் இன்று அதை எழுதுகிறேன்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து வரும் கம்பெனிப் பேருந்து, நள்ளிரவை ஒட்டி நம் பெண்பிள்ளைகளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுச் செல்கிறது. அங்கிருந்து ஆலய மதிலோரமாக அவர்கள் நடந்து வர வேண்டும். காற்றும் மழையுமான இரவுகளில் மின்சாரம் நின்றுபோனால் அந்த வழி முழுவதும் இருட்டு. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆலய வாசலில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பினேன். காசு கொடுத்து ஒரு சூரியத் தகட்டை வாங்கியிருக்கலாம். என் மனமோ காற்றின்மேல் இருந்தது. இளம் வயதில் நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளைக் கண் இமைக்காமல் பார்த்தவன் நான். நம் ஓசூரும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, ஒரு விளக்கா எரியாது என்று எண்ணினேன்.

முப்பந்தலில் நிற்பவை கிடைமட்ட அச்சில் சுழல்பவை. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு அவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். செங்குத்து அச்சில் சுழலும் காற்றாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தத் திசைக் காற்றையும் அது நின்ற இடத்திலேயே ஏற்றுக்கொள்ளும். கட்டடங்களில் மோதிக் காற்று திசைமாறும் நம் தெருவுக்கு இதுவே ஏற்றது என்று நினைத்தேன். 1920-களில் பின்லாந்து நாட்டின் சிகுர்ட் சவோனியஸ் வடிவமைத்த சுழலி இவ்வகையில் மிக எளியது. ஒரு டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அவ்விரு பாதிகளையும் சற்று விலக்கி, மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து எஸ் போலத் தோன்றும்படி ஒரு தண்டில் பொருத்தினால் போதும். ஒரு பாதியின் குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்கும். மறு பாதியின் முதுகில் காற்று வழுக்கிச் செல்லும். அந்த வேறுபாடே அதைச் சுழற்றுகிறது.

இதைச் செய்ய ஆள் வேண்டும் என்று சொன்னபோது நம் வாலிபர் ஒருவர் முன்வந்தார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர். காலை 8 மணிக்குக் கம்பெனிச் சீருடையில், கையில் டிபன் பாக்ஸுடன் வருவார். மதியம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தனியே அமர்ந்து உண்பார். மாலை 4 மணிக்குப் போவார். “ஷிப்ட் மாறியிருக்கு, ஐயா” என்று முதல் நாள் சொன்னார். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கைத்திறன் உள்ளவர். காயலான் கடையில் வாங்கிய 200 லிட்டர் டிரம்மை உடனே வெட்டலாம் என்று நான் அவசரப்பட்டபோது தடுத்தார். எண்ணெய் இருந்த டிரம்மில் கிரைண்டர் வைத்தால், உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும் என்றார். சோடா கலந்த வெந்நீரால் மூன்று முறை கழுவிய பிறகே வெட்டினார். பழைய கார் ஒன்றின் சக்கர பேரிங்கை அடியில் வைத்தார். ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து, நான்கு மூலைக்கும் கம்பி இழுத்துக் கட்டினார். அதிர்வு கீழே ஆராதனைக்கு இடையூறாகக் கூடாதென்று சட்டத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார். நீங்கள் கைதட்டியது அவருடைய வேலைக்குத்தான். வாழ்த்தை நான் பெற்றுக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, பழைய காரின் ஆல்டர்னேட்டர் ஒன்றை பெல்ட்டால் அதனோடு இணைத்தோம். நன்றாகச் சுழன்றுகொண்டிருந்த டிரம் மெதுவாகித் தயங்கி நின்றுவிட்டது. கையால் தள்ளிவிட்டேன், இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடியும் நின்றது. எனக்கு முகம் வாடிவிட்டது. தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: “லோடு இல்லாம எதுவும் சுத்தும், ஐயா. லோடு குடுத்தாத்தான் தெரியும்.”

அன்றிரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. நம் டிரம் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 0.9 சதுர மீட்டர். மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், அந்தப் பரப்பின் வழியே செல்லும் மொத்த ஆற்றலே 30 வாட் அளவுதான். எவ்வளவு சிறந்த காற்றாலையும் அதில் 59.3 விழுக்காட்டுக்குமேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். நம் டிரம் போன்ற எளிய சுழலி எடுப்பதோ 15 விழுக்காடு அளவு. அதாவது 5 வாட்டுக்கும் குறைவு. அதிலும் ஒரு பங்கு மின்னாக்கியிலும் கம்பியிலும் பேட்டரியிலும் வீணாகும். போதாக்குறைக்கு, அந்தக் காற்றில் டிரம் நிமிடத்துக்கு 60 சுற்றுதான் சுற்றும். கார் ஆல்டர்னேட்டருக்கோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது உண்மை. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகும் என்பதும் அதே உண்மைதான். நான் முதல் பாதியை மட்டும் நினைத்துக்கொண்டு உங்களிடம் விளக்கைப் பற்றிப் பேசிவிட்டேன்.

அந்த வாரப் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் தம்பியின் தாயார் என்னிடம் வந்தார். “இப்போ கம்பெனியில வேலை ஜாஸ்தி போல, ஐயா. கையெல்லாம் வெட்டுக் காயத்தோட வர்றான். கேட்டா, புது லைன் போட்டிருக்காங்கன்னு சொல்றான். அவனுக்காக ஜெபம் பண்ணுங்க” என்றார்.

அந்தக் காயங்கள் எங்கே பட்டவை என்று எனக்குத் தெரியும். அவை என் டிரம்மின் விளிம்பு கிழித்தவை.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவர் அருகே அமர்ந்து கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். சித்திரையோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. வீட்டில் சொல்ல மனம் வரவில்லை. தினமும் சீருடை அணிந்து புறப்பட்டு, சந்திரசூடேஸ்வரர் மலைப் படிகளிலும் பேருந்து நிலையத்திலும் பொழுதைப் போக்கியிருக்கிறார். நான் வேலைக்கு ஆள் கேட்ட பிறகு மொட்டைமாடிக்கு வரத் தொடங்கினார். கையில் இருந்த சேமிப்பையே மாதச் சம்பளம் போலத் தாயிடம் கொடுத்து வந்திருக்கிறார். அதுவும் அடுத்த மாதத்தோடு தீர்ந்துவிடும்.

“உங்களுக்காக ஜெபிக்கிறேன், தம்பி” என்றேன்.

“நன்றி, ஐயா” என்று சொல்லிவிட்டு எழுந்து வேலையைத் தொடர்ந்தார்.

எங்களுக்குப் பின்னால், பெல்ட் கழற்றப்பட்ட டிரம் சிறு காற்றுக்கும் ஆனந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை அவர் சொன்ன வார்த்தை அப்போது என் காதில் திரும்பவும் ஒலித்தது. 23 நாட்கள் அந்தப் பிள்ளை என் கண்முன்னே வந்து போயிருக்கிறார். பகலெல்லாம் இங்கே உழைப்பவர் எப்போது உறங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கூலி என்ன என்றும் கேட்கவில்லை. ஊழியம் என்ற பெயரில் ஒரு ஏழையின் உழைப்பைச் செலவில்லாமல் பெற்றுக்கொண்டு, நான் சுழன்றுகொண்டிருந்தேன்.

பிரியமானவர்களே, ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் நான் சொன்ன வார்த்தை, பாரத்தைத் தொடாமல் நழுவுவதற்கு எனக்குக் கிடைத்த வழியாக இருந்தது என்பதையே அறிக்கையிடுகிறேன்.

அன்று மாலையே 23 நாட்களுக்கான கூலியைக் கணக்கிட்டேன். ஒரே முறையில் கொடுக்க என்னிடம் இல்லை. இரண்டு மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். பிறகு இருவரும் அவருடைய வீட்டுக்கு நடந்தோம். வாசலில் அவர் கால் தயங்கியது. நான் பேசத் தொடங்கினேன். மீதியை அவரே சொன்னார். தாயார் அழவில்லை, திட்டவில்லை. சுவரில் தொங்கிய சீருடையைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “நாளைக்கும் சாப்பாடு கட்டணுமா?” என்று மட்டும் கேட்டார். “கட்டுங்கம்மா. மாடியில வேலை இன்னும் முடியல” என்றார் மகன். அடுத்த நாள் அவர் சாதாரணச் சட்டையில் வந்தார்.

காற்றாலையில் இன்னொரு குறையையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு டிரம் மட்டும் இருக்கும்போது, சில நிலைகளில் நின்றுவிட்டால் காற்று வந்தாலும் அது கிளம்புவதில்லை. ஆகவே இரண்டாவது டிரம் ஒன்றை வெட்டி, முதலாவதற்கு மேலே குறுக்காகப் பொருத்தினார். ஒன்று செயலற்று நிற்கும் இடத்தில் மற்றது காற்றைப் பிடித்து இரண்டையும் நகர்த்தும். ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பழைய மின் ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரை வைத்தோம். அது குறைந்த சுற்றிலும் மின்சாரம் தரக்கூடியது. பெருங்காற்று வீசும் நாட்களில் கட்டி நிறுத்த ஒரு கயிறும் உண்டு. ஆடியில் ஓர் இரவு, 3 வாட் விளக்கு ஒன்று வாசலில் எரிந்தது. காற்று குறைந்த இரவுகளில் அது எரியவில்லை. எனவே ஒரு சூரியத் தகட்டையும் வாங்கி அதே பேட்டரியோடு இணைத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், இன்று அந்த விளக்கு பெரும்பாலும் தகட்டினால்தான் எரிகிறது. மேகம் மூடிக் காற்று அடிக்கும் நாட்களில் டிரம் தன் பங்கைச் செய்கிறது.

நம் சகோதரர்கள் சிலரோடு நான் பல பட்டறைகளின் வாசலில் ஏறி இறங்கினேன். ஆவணியில் தம்பிக்கு எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான். இப்போது கையில் காயம் பட்டால் தாயாருக்குக் காரணம் தெரியும்.

கலாத்தியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் பாரத்தைப் பற்றி இரண்டு முறை பேசுகிறார். நம் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் பாரம் என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அவை இரண்டு சொற்கள். ஒன்று, ஒருவரை அழுத்தும் கனம். மற்றவர்கள் வந்து தாங்க வேண்டியது. மற்றொன்று, அவரவர் தாமே எடுத்துச் செல்ல வேண்டிய சுமை. வேலைக்குப் போவது அந்தத் தம்பியின் சுமை. அதை அவர் தட்டிக்கழித்ததில்லை. வேலை இழந்த செய்தியைத் தனியே மறைத்து நடந்தது அவரை அழுத்திய கனம். அதில் என் தோளும் இருந்திருக்க வேண்டும்.

இந்த வாரம் ஆலயத்துக்கு வரும்போது மேலே நிமிர்ந்து பாருங்கள். டிரம் முன்போல வேகமாகச் சுழலாது. பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இப்போது அது பாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம், வேலை எப்படிப் போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே இருங்கள்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் கண்முன் வந்து போகிறவர்களைக் காணும் கண்களைத் தாரும். கேட்டறிந்த பாரத்தைவிட்டு நழுவிச் செல்லாத மனதையும் தாரும். ஆமென்.