'சேதி வேற... பேச்சு வேற தாயி!'

அலுவலகத்தில் என் தினசரி வேலைகளில் ஒன்று, வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுவது. பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பவர்களுக்காக அதைச் செய்கிறோம். அதே எழுத்து ஒரு போன் காலுக்கு எவ்வளவு அவசியம் என்பது, பாளையம்பட்டியில் இருக்கும் என் தாத்தாவால்தான் எனக்குப் புரிந்தது.

தாத்தா நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். 85 டெசிபலுக்கு மேலான சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்த்தால், காலப்போக்கில் காது பழுதாகலாம். தறிக்கூடத்துச் சத்தம் பெரும்பாலும் அதைத் தாண்டும். நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். போனில் முகம் ஏது? பழைய டெலிபோன் முறையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் வந்துசேரும். 'ச', 'ஸ' போன்றவற்றின் கூர்மை அதில் மழுங்கிவிடும். காது மெஷின் வைத்தும், "சத்தம் கேக்குது, என்ன சொல்றாகன்னு வெளங்கல" என்பார்.

அதனால் வீட்டுக்கு எந்த போன் வந்தாலும் பாட்டிதான் எடுப்பார். திருச்சுழியில் இருக்கும் தாத்தாவின் தங்கையும் பாட்டியிடமே சேதி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாதவர்களும் போன் பேச வழிசெய்ய வேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எதிர்முனைப் பேச்சை எழுத்தாகக் காட்டும் சேவை அங்கே அந்த வழியில்தான் வளர்ந்தது. 2019-ல் கூகுள், 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலியை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விஞ்ஞானி டிமிட்ரி கனேவ்ஸ்கி, குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்தவர். அதில் தமிழும் உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முயன்று பார்த்தோம். தாத்தாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் என் போனில் செயலியைத் திறந்து வைத்தேன். 'தறி' என்று சொன்னதை 'சரி' என்று எழுதியது. தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. அடுத்து வந்த வரியில் சிரிப்பு நின்றது.

"கண் ஆபரேஷனுக்கு பயமா இருக்குண்ணே."

"நான் இருக்கேன்ல. மொத பஸ்ஸுக்கு வந்துர்றேன்" என்றார் தாத்தா.

ஆபரேஷன் விஷயம் பாட்டி மூலம் அவருக்கு முன்பே தெரியும். தங்கைக்குப் பயம் என்பது மட்டும் தெரியாது. அண்ணி வழியாகச் சொல்லி அனுப்புகிற விஷயமா அது? "சேதி வேற, பேச்சு வேற தாயி" என்றார் தாத்தா.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். இரண்டு போனும் இன்டர்நெட்டும் போதும். டி.வி-யை அணைத்துவிடுங்கள். பேச்சு எழுத்தாக வருவதை எதிர்முனையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். வட்டார வழக்கில் தப்பும் தவறுமாகத்தான் வரும். பணம், மருந்து விவரங்களை மட்டும் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அவர்களே பேசிக்கொள்வார்கள்.